தட்டணு குறைந்தால் எந்த மருந்து? அக்காவுக்காக நாங்கள் எடைபோட்டுப் பார்த்த வழிகள்

அக்காவின் இரண்டு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் வந்திருந்தன. கொசுக்கடி என்று நினைத்து நான்கு நாள் தைலம் தடவிக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் காலையில் பல் விளக்கியபோது எச்சில் முழுவதும் இரத்தம். கோலாலம்பூர் செந்தூலில் வீட்டுக்குப் பக்கத்து கிளினிக்கில் இரத்தம் எடுத்தார்கள். மாலையில் தாள் வந்தது. இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களின் (பிளேட்லெட்) எண்ணிக்கை 9.

நம் ஊர்த் தாள்களில் இந்த எண் ஆயிரக் கணக்கில் அச்சாகிறது. 150 முதல் 400 வரை இயல்பு. தமிழ்நாட்டு உறவினர்கள் ஒன்றரை இலட்சம் என்று சொல்வது இங்கே 150. அக்காவுக்கு இருந்தது வெறும் ஒன்பதாயிரம்.

கோலாலம்பூரில் தட்டணு குறைந்தது என்றால் யாருக்கும் முதலில் வாயில் வருவது டிங்கிதான். கிளினிக் டாக்டரும் அப்படித்தான் சந்தேகப்பட்டார். ஆனால் அக்காவுக்குக் காய்ச்சலே இல்லை, டிங்கிப் பரிசோதனையிலும் ஒன்றும் தெரியவில்லை. அதற்குள் சித்தி ஒருவர் பப்பாளி இலைச் சாறு அரைத்துக்கொண்டு வந்துவிட்டார். அன்பில் கொண்டுவந்ததை வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் இந்த வேறுபாட்டை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். டிங்கியில் தட்டணு விழும், காய்ச்சல் இறங்கிய சில நாளில் தானே ஏறும். அங்கே உயிரைக் காப்பது சரியான நேரத்தில் சரியான அளவு நீர் ஏற்றுவது. எண்ணிக்கை குறைந்துவிட்டதே என்று தட்டணுப் பை ஏற்றுவதில்கூடப் பயனில்லை. இரத்தப்போக்கு இல்லாத பெரியவர்களுக்கு அதனால் நன்மை இல்லை, பக்க விளைவுதான் கூடுகிறது என்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்து 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. பப்பாளி இலையை ஆராய்ந்ததும் டிங்கி நோயாளிகளிடம்தான். அக்காவுக்கு வந்தது வேறு நோய்.

அதன் பெயர் ஐ.டி.பி. (இம்யூன் திராம்போசைட்டோபீனியா). உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன்னுடைய தட்டணுக்களையே அந்நியன் என்று நினைத்துக் குறி வைக்கிறது. குறி வைக்கப்பட்ட தட்டணுக்களை மண்ணீரல் பிடித்து அழிக்கிறது. எலும்பு மஜ்ஜையில் புதிதாக உற்பத்தியாவதும் கொஞ்சம் தடைபடுகிறது. இது இரத்தத்தில் சுற்றும் ஏதோ ஒன்றின் வேலை என்பதை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் வில்லியம் ஹாரிங்டன் என்ற மருத்துவர் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தார். நோயாளியின் இரத்தத்தைத் தனக்கு ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய தட்டணுக்கள் சரிந்தன. 1951-இல் அதைப் பதிவு செய்தார். இந்தக் கதையை வார்டில் ஒரு பயிற்சி டாக்டர் எங்களுக்குச் சொன்னார். அதன் பிறகுதான் மருந்துகளின் பட்டியல் எனக்குப் புரியத் தொடங்கியது. ஒரு மருந்து எதிர்ப்புச் சக்தியை அடக்குகிறது. ஒன்று மண்ணீரலின் கவனத்தைத் திருப்புகிறது. ஒன்று மஜ்ஜையை முடுக்கிவிடுகிறது. இன்னொரு வழி மண்ணீரலையே எடுத்துவிடுவது.

நான் டாக்டர் இல்லை. அக்காவோடு ஒன்பது மாதம் காத்திருப்பு அறைகளில் உட்கார்ந்து, கேள்விகளை நோட்டில் எழுதிக்கொண்டு போன தம்பி. எந்த மருந்து எண்ணிக்கையை அதிகம் ஏற்றும் என்ற கேள்வியோடுதான் நாங்கள் தொடங்கினோம். பிறகுதான் தெரிந்தது, கேட்க வேண்டியது வேறு: அக்காவுக்கு எவ்வளவு இரத்தம் கசிகிறது, அக்காவின் ஒரு நாள் எப்படிப் போகிறது? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்த பிறகு மருந்தைத் தேர்ந்தெடுப்பது அவ்வளவு கடினமாக இல்லை.

முதலில், மருந்து தேவையா என்பதே ஒரு தேர்வு. எண்ணிக்கை 30-க்கு மேல், இரத்தக் கசிவு இல்லை அல்லது தோலில் சில புள்ளிகள் மட்டும் என்றால், பெரியவர்களுக்கு மருந்து கொடுக்காமல் கவனித்து வருவதைத்தான் அமெரிக்க இரத்தவியல் சங்கத்தின் 2019 வழிகாட்டி பரிந்துரைக்கிறது. குழந்தைகளுக்கு இன்னும் பொறுமை வேண்டும். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்குள் தானாகவே சரியாகிவிடும். 150-ஐத் தொட வேண்டும் என்ற அவசியமும் இல்லை. 50-க்கு மேல் நிலையாக இருந்தால் அன்றாட வாழ்க்கைக்குப் போதும். இதை ஏற்றுக்கொள்ள எங்கள் குடும்பத்துக்கு நாளானது. தாளில் சிவப்பு மையில் அடையாளம் இருக்கிறதே என்று அம்மா ஒவ்வொரு முறையும் கலங்கினார்.

மருந்துக்கு முன்னால் இன்னொன்றும் உறுதியாக வேண்டும். சிலருடைய இரத்தம் ஆய்வகக் குழாயில் உள்ள உறையாமல் தடுக்கும் மருந்தோடு சேரும்போது தட்டணுக்கள் ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிடும். இயந்திரம் அதைக் குறைவாக எண்ணும். இரத்தத் துளியைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தால் தெரிந்துவிடும். அக்காவுக்கு அன்றே பார்த்தார்கள். உண்மையான குறைவுதான். பிறகு கல்லீரல் அழற்சி பி, சி, எச்.ஐ.வி., தைராய்டு, லூப்பஸ் என்று பரிசோதனைகள் போயின. ஏற்கனவே சாப்பிடும் மருந்துகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். சில மருந்துகளே தட்டணுவைக் குறைக்கக்கூடியவை.

9 என்பதாலும் ஈறில் கசிந்ததாலும் வார்டில் சேர்த்தார்கள். முதல் மருந்து எல்லோருக்கும் போல ஸ்டீராய்டு. இதில் இரண்டு வழி உண்டு. பிரெட்னிசோலோன் என்றால் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிகிராம், தினமும். அக்கா 60 கிலோ. 5 மில்லிகிராம் மாத்திரை என்றால் காலையில் 12. டெக்ஸாமெத்தாசோன் என்றால் தினம் 40 மில்லிகிராம், நான்கே நாள், பிறகு நிறுத்திவிட்டுப் பார்ப்பது. தேவைப்பட்டால் சில வாரம் கழித்து மறுபடியும் ஒரு சுற்று. இரண்டில் எதையும் கொடுக்கலாம் என்கிறது வழிகாட்டி. டெக்ஸாமெத்தாசோன் கொஞ்சம் சீக்கிரம் ஏற்றுகிறது. நீண்ட காலத்தில் இரண்டும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. முதலில் பெரும்பாலோருக்கு எண்ணிக்கை ஏறும். நிறுத்திய பிறகும் ஏறியபடியே இருப்பவர்கள் குறைவு.

இங்கே நம்மவர்களுக்கு ஒரு தனிக் கவலை இருக்கிறது. 2019-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். அக்காவுக்கும் ஆறு ஆண்டுகளாக உண்டு. ஸ்டீராய்டு தொடங்கிய இரண்டாம் நாள் மாலை சர்க்கரை 19 மில்லிமோலுக்குப் போனது. காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் அவ்வளவு இல்லை, மதியத்துக்குப் பிறகுதான் ஏறுகிறது. ஸ்டீராய்டின் குணம் அது. அதனால் இனிப்பு நீர் உள்ளவர்கள் காலையில் மட்டும் குத்திப் பார்த்துவிட்டு நிம்மதியடையக் கூடாது. சில நாளைக்கு இன்சுலின் போட வேண்டியிருந்தது. நான்கு நாளில் முடிந்துவிடும் வழி அக்காவுக்குப் பொருத்தமாக இருந்ததற்கு இதுவே காரணம். ஆனால் அந்த நான்கு நாளும் தூக்கம் இல்லை. இரவு இரண்டு மணிக்கு வார்டிலிருந்து எனக்குப் போன் செய்து பள்ளிக்கூடத் தேர்வுத் தாள்களைப் பற்றிப் பேசினார். அக்கா ஆசிரியை.

பிரெட்னிசோலோனைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். படிப்படியாகக் குறைப்பதையும் சேர்த்து ஆறு வாரத்துக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும். எங்கள் உறவில் பினாங்குப் பக்கம் ஓர் அத்தை இருக்கிறார். எண்ணிக்கை குறையும்போதெல்லாம் ஒரு கிளினிக்கில் அதே மாத்திரையை எழுதிக்கொடுத்தார்கள். நான்கு ஆண்டுகள். முகம் வீங்கியது, கண்ணில் புரை வந்தது, குளியலறையில் வழுக்கியதில் இடுப்பெலும்பு முறிந்தது. வேறு மருந்து உண்டு என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஸ்டீராய்டு தற்காலிகப் பாலம், அதன் மேலேயே குடியிருக்கக் கூடாது என்பதை நான் கற்றது அத்தையின் இடுப்பிலிருந்து. அதே நேரம், பல வாரம் சாப்பிட்டவர்கள் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்திவிடுவதும் ஆபத்து. உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டு அதற்குள் குறைந்துபோயிருக்கும்.

வார்டில் அக்காவுக்கு இன்னொரு மருந்தும் ஏற்றினார்கள்: இம்யூனோகுளோபுலின். ஆயிரக்கணக்கானோர் தானம் செய்த இரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம். 1981-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பால் இம்பாக் என்ற குழந்தை மருத்துவர்தான் இது ஐ.டி.பி.க்கு உதவுவதைக் காட்டினார். மண்ணீரல் இந்தப் புரதத்தோடு மல்லுக்கட்டும் நேரத்தில் தட்டணுக்கள் தப்பிக்கின்றன என்று எளிமையாகச் சொல்லலாம். ஒன்றிரண்டு நாளில் ஏறத் தொடங்கும். மூன்று நான்கு வாரத்தில் பலன் கரைந்துவிடும். இரத்தம் கசியும்போதும், அவசர அறுவைக்கு முன்னும், பிரசவ நேரத்திலும் இதற்கு ஈடு இல்லை. மாதாமாதம் போட்டுக்கொண்டு வாழ்வதற்கானது அல்ல. விலையும் அதிகம், ஏற்றி முடித்ததும் அக்காவுக்குத் தலைவலி மண்டையைப் பிளந்தது. ஐந்தாம் நாள் எண்ணிக்கை 88. வீட்டில் பாயசம் வைத்தோம். அக்காவுக்குச் சர்க்கரை இல்லாமல்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு சின்னப் பரிசோதனை. வயிற்றில் வாழும் எச். பைலோரி என்ற கிருமி உண்டா என்று பார்ப்பது. இதை ஒழித்தால் சிலருக்குத் தட்டணு ஏறுகிறது; ஜப்பானில் நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். மலேசியாவில் இந்தக் கிருமி இந்தியர்களிடம் அதிகம், மலாய்க்காரர்களிடம் குறைவு என்பது இங்கே பல ஆண்டுகளாக அறிந்த செய்தி. இரண்டு வார மாத்திரைதான், செலவும் குறைவு. ஆகவே நம்மவர்களில் ஐ.டி.பி. வந்த ஒவ்வொருவரும் இதைக் கேட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கவனிக்க வேண்டியது ஒன்று: ஸ்டீராய்டோடு வயிற்றுக்குக் கொடுக்கும் அமிலக் குறைப்பு மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டே மூச்சுப் பரிசோதனை செய்தால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டிவிடலாம். இரண்டு வாரமாவது நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டும், அதையும் டாக்டரிடம் கேட்டுத்தான். அக்காவுக்குக் கிருமி இருந்தது. ஒழித்தோம். எண்ணிக்கை அசையவில்லை. பல வருட நெஞ்செரிச்சல் மட்டும் போனது.

டெக்ஸாமெத்தாசோன் இன்னும் இரண்டு சுற்று. ஒவ்வொரு முறையும் ஏறியது, ஒவ்வொரு முறையும் இறங்கியது. மூன்றாம் மாத முடிவில் 14. மாதவிடாய் பத்து நாள் நின்றபாடில்லை. அப்போதுதான் சிறப்பு மருத்துவர் ஒரு வெள்ளைத் தாளில் மூன்று வட்டம் போட்டார். தினமும் மாத்திரை. நான்கு முறை டிரிப். அறுவை. "இரண்டு வாரம் யோசிச்சு வாங்க" என்றார் அந்த மலாய் அம்மையார். அதுவரை இரத்தப்போக்குக்கு டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை கொடுத்தார். அது தட்டணுவை ஏற்றாது, இருக்கிற உறைவைக் கரையவிடாமல் காக்கும். மாதவிடாயால் அவதிப்படும் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதை அக்காவைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

முதல் வட்டம், எல்ட்ரோம்போபேக். தட்டணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோனை 1994-இல் கண்டுபிடித்தார்கள். அதைப் போலவே மஜ்ஜையைத் தட்டி எழுப்பும் இரண்டு மருந்துகளுக்கு 2008-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஒன்று இந்த மாத்திரை, இன்னொன்று வாரம் ஒருமுறை தோலுக்கடியில் போடும் ரோமிப்லோஸ்டிம் ஊசி. எதிர்ப்புச் சக்தியை இவை அடக்குவதில்லை. அதனால் சர்க்கரை ஏறாது, கிருமித் தொற்றுப் பயமும் கூடாது. பத்தில் ஏழெட்டுப் பேருக்கு எண்ணிக்கை ஏறுகிறது, பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள்.

சரி, சிக்கல் எங்கே? பாலில். எல்ட்ரோம்போபேக் வயிற்றில் சுண்ணாம்பு, இரும்பு போன்ற சத்தைக் கண்டால் அதோடு ஒட்டிக்கொண்டு வெளியே போய்விடும், இரத்தத்தில் சேராது. பால், தயிர், மிலோ, இரும்புச் சத்து மாத்திரை, வயிற்றெரிச்சல் மருந்து இவற்றுக்கெல்லாம் இரண்டு மணி நேரம் முன்போ நான்கு மணி நேரம் கழித்தோதான் மாத்திரையைப் போட வேண்டும். நம் வீட்டு நாளை யோசித்துப் பாருங்கள். எழுந்ததும் பால் கோப்பி, பத்து மணிக்குத் தே தாரேக் (பால் தேநீர்), மதியம் மோர், படுக்கும் முன் ஒரு தம்ளர் பால். அக்கா இரத்தசோகைக்கு இரும்பு மாத்திரையும் சாப்பிடுகிறார். மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்லப்படும் சிலருக்கு உண்மையில் தே தாரேக்தான் குறுக்கே நின்றிருக்கும் என்று மருந்தாளுநர் எங்களிடம் சொன்னார். அவர் அரை மணி நேரம் உட்கார்ந்து அக்காவின் முழு நாளையும் தாளில் கோடு போட்டுக் காட்டினார். இந்த மருந்தைத் தேர்ந்தெடுக்கிற யாரும் டாக்டரோடு நிறுத்திக்கொள்ளாமல் மருந்தாளுநரிடமும் பேசிவிட வேண்டும்.

கல்லீரலை இது சிலருக்குப் பாதிக்கும். அளவு நிலைப்படும் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை இரத்தம் பார்க்க வேண்டும். சில கொலஸ்ட்ரால் மாத்திரைகளின் அளவைக் குறைக்க வேண்டிவரலாம். தட்டணு ஏறும்போது இரத்தம் கட்டும் வாய்ப்பும் கூடும், முன்பு காலிலோ நுரையீரலிலோ இரத்தம் கட்டியவர்கள் அதைச் சொல்லிவிட வேண்டும். காத்திருப்பு அறையில் ஒரு சீன அம்மாவுக்கு 25 மில்லிகிராமில் தொடங்கினார்கள், அக்காவுக்கு 50. எங்களுக்கு ஏன் இரட்டிப்பு என்று அக்கா கவலைப்பட்டார். கிழக்காசிய வம்சத்தினர் உடம்பில் இந்த மருந்து அதிகமாகத் தங்குகிறது, அதனால் அவர்களுக்குப் பாதியில் தொடங்குவது வழக்கம் என்று டாக்டர் விளக்கினார்.

இதன் பெரிய குறை, தொடர்ந்து சாப்பிட வேண்டும் என்பது. சிலரால் காலப்போக்கில் குறைத்து நிறுத்திவிட முடிகிறது, எல்லோராலும் இல்லை. திடீரென்று நிறுத்தினால் எண்ணிக்கை முன்பைவிடக் கீழே போய்விடக்கூடும். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது மாத்திரைப் பெட்டியை மறந்துவிட்டு வருவது சின்ன விஷயம் அல்ல. ரோமிப்லோஸ்டிம் ஊசிக்கு இந்தப் பால் தொல்லை இல்லை, ஆனால் வாராவாரம் மருத்துவமனை. வேலைக்குப் போகிற ஒருவர் காலை நெரிசலில் போய், எண்ணிக்கை பார்த்து, அளவு முடிவாகி, ஊசி போட்டு வருவதற்குள் அந்த நாள் போய்விடும்.

இரண்டாம் வட்டம், ரிட்டுக்ஸிமேப். எதிர்ப்புப் புரதங்களை உருவாக்கும் பி அணுக்களை இது அழிக்கிறது. நிணநீர்ப் புற்றுக்கு 1997-இல் வந்த மருந்து, ஐ.டி.பி.க்குப் பெட்டியில் அச்சிடப்படாத பயன்பாடாகவே பெரும்பாலான நாடுகளில் கொடுக்கிறார்கள். வாரம் ஒன்று வீதம் நான்கு டிரிப், ஒவ்வொன்றுக்கும் பாதி நாள். முதல் தடவை குளிரும் நடுக்கமும் வரலாம். பத்தில் ஆறு பேருக்கு முதலில் பலன் தெரிகிறது, ஐந்து ஆண்டு கழித்தும் நிலைத்திருப்பது நாலைந்து பேரில் ஒருவருக்கு. அந்த ஒருவராக இருந்துவிட்டால் தினசரி மாத்திரை இல்லாத வாழ்க்கை. நோய் வந்து அதிக காலம் ஆகாத இளம் பெண்களுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்.

அக்கா முதலில் இதன் பக்கம்தான் சாய்ந்தார். "நாலு வாரத்துல முடிஞ்சிரும் தம்பி, அப்புறம் மறந்துடலாம்" என்றார். ஆனால் பரிசோதனைத் தாளில் ஒரு வரி இருந்தது. எப்போதோ அவர் உடம்பில் கல்லீரல் அழற்சி பி கிருமி வந்து போயிருக்கிறது. நோய் இல்லை, தழும்பு மட்டும். ரிட்டுக்ஸிமேப் போட்டால் தூங்குகிற அந்தக் கிருமி எழுந்து கல்லீரலைத் தாக்கக்கூடும், உயிருக்கே ஆபத்தாகலாம். அதற்கென்று கிருமித் தடுப்பு மாத்திரையைச் சிகிச்சை முடிந்த பிறகும் பல மாதம் சாப்பிட வேண்டும். மாத்திரை வேண்டாம் என்றுதானே இதை நினைத்தோம்? இந்தத் தழும்பு நம் நாட்டில் பலருக்குத் தெரியாமலே இருக்கிறது, முக்கியமாகத் தடுப்பூசித் திட்டம் வருவதற்கு முன் பிறந்தவர்களுக்கு. ரிட்டுக்ஸிமேப் என்று யாராவது சொன்னால், அந்தப் பரிசோதனை முடிந்ததா என்று முதலில் கேளுங்கள். இதைப் போட்ட ஆறு மாதத்துக்குத் தடுப்பூசிகளும் சரியாகப் பிடிக்காது.

மூன்றாம் வட்டம்தான் மூத்தது. 1916-இல் பிராக் நகரில் கஸ்னெல்சன் என்ற மருத்துவ மாணவர் மண்ணீரலை எடுத்தால் என்ன என்று கேட்டார். எடுத்தார்கள், நோயாளி குணமானார். இன்றைக்கும் நீண்ட காலப் பலனில் இதை மிஞ்ச ஒன்றும் இல்லை: மூன்றில் இரண்டு பேருக்கு நிலைத்த பலன். சிறு துளைகள் வழியாகவே செய்கிறார்கள். ஒரே முறை, பிறகு மாத்திரை இல்லை. இவ்வளவு நல்லதாக இருந்தும் ஏன் கடைசியில் வைக்கிறார்கள் என்றால், எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. சிலருக்கு முதல் ஆண்டிலேயே நோய் தானாகத் தணிகிறது, அதனால் குறைந்தது ஓராண்டு பொறுத்திருக்கச் சொல்கிறது வழிகாட்டி. மண்ணீரல் இல்லாதவருக்குச் சில கிருமிகள் மணிக்கணக்கில் உயிரைப் பறித்துவிடும். நியூமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் தடுப்பூசிகளை அறுவைக்கு இரண்டு வாரம் முன்பே போட்டாக வேண்டும். அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் காய்ச்சல் வந்தால் பனடோல் (பாராசிட்டமால்) போட்டுப் படுத்துவிடக் கூடாது, நேராக அவசரப் பிரிவு. நாய் கடித்தாலும் அப்படியே. மலேரியா உள்ள காட்டுப் பகுதிகளுக்குப் போவதற்கு முன்னும் யோசிக்க வேண்டும்.

இவை தவிர அசாதியோபிரின், டானசோல், டாப்சோன், மைக்கோஃபெனோலேட் போன்ற பழைய, விலை குறைந்த மருந்துகளும் உண்டு. மெதுவாக வேலை செய்யும். டாப்சோன் என்றால் ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான். நம் நாட்டில் பிறந்த குழந்தைகளுக்கு இதைப் பார்த்துவிடுகிறார்கள், பழைய ஆட்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். மைக்கோஃபெனோலேட் கருவைப் பாதிக்கும்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் ஒப்பீடு முழுமையாகாது. ஸ்டீராய்டு மிக மலிவு. மஜ்ஜையைத் தூண்டும் மருந்துகளும் இம்யூனோகுளோபுலினும் தனியாரில் வாங்கினால் ஒரு குடும்பத்தைச் சாய்த்துவிடும். அரசு மருத்துவமனையில் குடிமக்களுக்குச் சிறப்பு மருத்துவரைப் பார்க்க ஐந்து வெள்ளி (ரிங்கிட்). ஆனால் விலை கூடிய மருந்துக்குத் தனி ஒப்புதல் தேவைப்படலாம், அதற்கு நாள் பிடிக்கும். அம்பாங் மருத்துவமனை நாட்டின் இரத்தவியல் மையம். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் செராஸில் உள்ள தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் இரத்தவியல் பிரிவு உண்டு. தனியாரில் நோயைக் கண்டுபிடித்தவர்கள்கூட நீண்ட கால மருந்துக்கு அரசுப் பக்கம் மாற்றுக் கடிதம் கேட்கலாம். அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. மெடிக்கல் கார்டு (மருத்துவக் காப்புறுதி அட்டை) வைத்திருப்பவர்கள், வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடும் மாத்திரைக்கு அது பணம் கொடுக்குமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

இரண்டு வாரம் முடிந்தது. அக்கா மாத்திரையைத் தேர்ந்தெடுத்தார். சர்க்கரை ஏறாது, கல்லீரல் கிருமியை எழுப்பாது, நோய் வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை என்பதால் மண்ணீரலுக்கு அவசரம் இல்லை. இவையே அவருடைய காரணங்கள். பால் கோப்பியைத் தள்ளிவைக்க முடியும் என்று அவர் நம்பியதும் ஒரு காரணம். அக்காவுக்கு 47 வயது. இன்னும் குழந்தை பெற நினைக்கும் 27 வயதுப் பெண்ணாக இருந்தால் நான் வேறு விதமாகப் பேசியிருப்பேன். கர்ப்பத்தில் பொதுவாக ஸ்டீராய்டும் இம்யூனோகுளோபுலினும்தான் துணை. தூண்டும் மருந்துகளைத் தவிர்க்கப் பார்ப்பார்கள். ரிட்டுக்ஸிமேப் போட்டால் ஓராண்டாவது கருத்தரிக்காமல் இருக்க வேண்டும். ஆகவே அந்தப் பெண் கல்யாணத் தேதியையும் டாக்டரிடம் சொல்லித்தான் முடிவெடுக்க வேண்டும். மாதக்கணக்கில் லாரி ஓட்டுகிற, இரத்தப் பரிசோதனைக்கு வரவே முடியாத ஒருவருக்கு, ஓராண்டு கடந்தும் நோய் தணியவில்லை என்றால், அறுவையைத்தான் நான் முதலில் கேட்கச் சொல்வேன்.

எந்த மருந்தானாலும் சில விஷயம் பொது. ஆஸ்பிரின், இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகள் கூடாது, பனடோல் போதும். சதையில் போடும் ஊசியைத் தவிர்க்கச் சொல்ல வேண்டும். தாங்க முடியாத தலைவலி, வாய்க்குள் இரத்தக் கொப்புளம், கறுத்த மலம், நிற்காத மூக்கு இரத்தம் இவற்றில் ஒன்று வந்தாலும் இரவு எத்தனை மணியானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். பசாரில் விற்கும் மூட்டுவலிப் பொடிகளையும் ஜாமு என்ற மூலிகை மாத்திரைகளையும் தொட வேண்டாம். அவற்றில் டெக்ஸாமெத்தாசோன் கலந்திருப்பதை நம் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. தெரியாமல் சாப்பிட்டால் தட்டணு ஏறியது போலத் தோன்றும், நிறுத்தியதும் விழும், டாக்டருக்கும் காரணம் புரியாது.

தைப்பூசம் ஒரு கேள்வியாக வந்தது. அக்கா ஆண்டுதோறும் பத்துமலைக்குப் பால்குடம் எடுப்பவர். அலகு குத்துவதில்லை, அதனால் அந்தக் கவலை இல்லை. குத்துபவர்களாக இருந்தால் அந்த ஆண்டு விட்டுவிட வேண்டும், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். ஆனால் விரத நாளில் பாலும் பழமும்தான் அவருடைய உணவு. மாத்திரையின் நேரத்தை விரதத்துக்காக மாற்றலாமா என்று மருந்தாளுநரிடம் கேட்டோம். விடியலில் தண்ணீரோடு மாத்திரை, இரண்டு மணி நேரம் கழித்து முதல் பால் என்று வழி சொன்னார். அப்படியே செய்தார். அந்த வாரம் எண்ணிக்கை 71.

இப்போது செந்தூல் வீட்டில் காலை ஐந்து மணிக்கு அலாரம் அடிக்கிறது. அக்கா எழுந்து வெறும் தண்ணீரில் மாத்திரையைப் போடுகிறார். ஏழு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் பால் கோப்பி. மதியச் சாப்பாட்டோடு இரும்பு மாத்திரை. ஆறு மாதம் 50-க்கு மேல் நிலையாக இருந்தால் அளவைக் குறைத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நாளை மறுநாள் இரத்தம் எடுக்கப் போகிறோம். அது ஐந்தாவது மாதத் தாள்.